பத்து அசைவுக்கு எத்தனை நிமிடம்

3 மே 2021, திங்கள்

மொட்டை மாடிக்கு நான் ஐந்தரைக்குத்தான் போக வேண்டும். ஐந்திலிருந்து ஐந்தரை வரை மேல் வீட்டு நீரஜாவின் நேரம். அவளுக்கு முப்பத்து மூன்று வாரம், எனக்கு முப்பத்திரண்டு. ஒரே கட்டடத்தில் இரண்டு கர்ப்பிணிகள், ஒருவர் மூச்சு ஒருவர் மேல் படக் கூடாது என்று நேரம் பிரித்துக்கொண்டோம். பிரித்தது அவள்தான். "தப்பா எடுத்துக்காதேங்கோ அக்கா. உங்காத்துக்காரர் ஆஸ்பத்திரி மருந்துக் கடைல இருக்கார், அதான்" என்று ஃபோனில் சொன்னாள். தப்பாக எடுக்காமல் வேறு எப்படி எடுப்பதாம்?

இன்று பத்து நிமிடம் முன்னாலேயே போய்விட்டேன். தெரியாமல் இல்லை, பார்க்கத்தான் போனேன். தண்ணீர்த் தொட்டி நிழலில் அவள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவள் கணவன் பரத்வாஜ் கீழே சம்மணம் போட்டு அவள் வயிற்றில் கையை வைத்திருந்தான். இருவரும் எதற்கோ சிரித்தார்கள். தரமணி ஆபீஸை மூடி ஒரு வருடமாகிறது அவனுக்கு. வேலை வீட்டிலிருந்தேதான், நாள் முழுக்க அவள் பக்கத்தில். மாதுளம்பழச் சாறு பிழிந்து கொடுக்கிறானாம். அவளே சொன்னாள்.

என் வீட்டுக்காரர் வருவார். வந்ததும் செருப்பை வெளியே விட்டு, நேரே குளியலறை, பிறகு ஹால் சோபா. நான் படுக்கையறை வாசல். நடுவில் பத்தடி. லாய்ட் என்னைத் தொட்டு ஆறு வாரம் ஆகிறது. அவருக்குத் தடுப்பூசி இரண்டும் போட்டாயிற்று, கர்ப்பிணிகளுக்கு இன்னும் கிடையாது. "எனக்கு வந்தா பரவால்ல ரெனி. உனக்கு ஒண்ணுன்னா..." என்று நிறுத்திவிடுவார். 2018இல் ஐந்தாம் மாதத்தில் ஒன்றை இழந்தோம். அவர் செய்வது சரிதான். சரியாக இருப்பதால் இன்னும் எரிச்சலாக வருகிறது.

நீரஜாவுக்குக் கல்யாணமாகிப் பதினோரு மாதம். எனக்கு ஒன்பது வருடம்.

6 மே, வியாழன்

டாக்டர் ஜுவேரியா வீடியோவில் பார்த்தார். தி. நகர் ஆஸ்பத்திரிக்கு அவசியம் இல்லாமல் வர வேண்டாம் என்றார். அதற்குப் பதில் தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பின் இடது பக்கமாகப் படுத்து, குழந்தையின் அசைவை எண்ண வேண்டும். பத்து அசைவு வர எத்தனை நிமிடம் ஆகிறது என்று ஒரு தாளில் குறிக்க வேண்டும். "ரெண்டு மணி நேரத்துக்குள்ள பத்து வந்துச்சுன்னா போதும்மா. வரலைன்னாதான் ஃபோன் பண்ணணும்."

நீரஜாவுக்கும் அதே டாக்டர், அதே பேச்சு. சாயங்காலம் மெசேஜ் வந்தது: "அக்கா, டெய்லி நம்பரை ஷேர் பண்ணிக்கலாமா? ஜாலியா இருக்கும்!" சரி என்றேன்.

7 மே, வெள்ளி

நீரஜா 25 நிமிடம். நான் 70.

8 மே, சனி

நீரஜா 22. நான் 65. கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிறாள். "அக்கா, உதைன்னா உதை, ஃபோனே வயத்துலேருந்து கீழே விழுந்துடுத்து!" மூன்று தடவை கேட்டேன். சிரிப்பு நடுவில் பரத்வாஜ் குரலும் இருக்கிறது.

என்னுடையது மெதுவாகத்தான் புரள்கிறது. இரண்டு மணி நேரத்துக்குள் வருகிறதே, போதும் என்று டாக்டர் சொன்னார். போதும்தான். ஆனால் அவளுக்கு மட்டும் ஏன் கொட்டிக் கொடுக்கிறது?

9 மே, ஞாயிறு

பாலவாக்கத்திலிருந்து மாமியார் ஃபோன் செய்தார். பூசை டிவியில் பார்த்தாயா, கஞ்சி குடித்தாயா. பிறகு வந்தது. "போன தடவையும் நீ அசைவு கம்மின்னுதான் சொல்லிக்கிட்டு இருந்தே." ஃபோனை வைத்துவிட்டேன்.

இன்று 60 நிமிடம். ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கும் தாளில் 20 என்று எழுதினேன்.

எழுதிவிட்டேன், அவ்வளவுதான். எட்டாம் வகுப்புக்குக் கணக்கு சொல்லிக்கொடுப்பவள் நான். விடையை மாற்றி எழுதும் பிள்ளைகளுக்குப் பூஜ்யம் போடுபவள்.

லாய்ட் குளித்துவிட்டு வந்து தூரத்திலிருந்தே தாளைப் பார்த்தார். "இருபதா? இன்னா உதை உதைக்குது பாரு நம்மாளு!" என்று சிரித்தார். எத்தனை நாள் கழித்து அந்தச் சிரிப்பு! கொரோனா ஊசிமருந்துக்காக கவுன்டரில் ஜனங்கள் அழுவதைப் பார்த்துப் பார்த்து முகமே கல்லாகிப் போயிருந்த மனுஷன். நீரஜாவுக்கும் 20 என்றே அனுப்பினேன். "வாவ் அக்கா" என்று பதில் வந்தது. கூடவே வாய்ஸ் மெசேஜ் வரவில்லை.

11 மே, செவ்வாய்

தாளில் 18. நிஜம் 55.

13 மே, வியாழன்

நீரஜாவுக்கு வளைகாப்பு. கூட்டம் கூடக் கூடாது என்பதால் ஜூமில். எனக்கும் லிங்க் வந்தது. பச்சைப் பட்டுப்புடவை, இரண்டு கையிலும் முழங்கை வரை வளையல். சொந்தக்காரப் பெண்கள் ஒவ்வொருவராக ஜன்னல் ஜன்னலாக வந்து பாட, பரத்வாஜே அவள் கையில் வளையல் போட்டான். ஆண்பிள்ளை போடலாமா என்று யாரோ ஒரு மாமி கேட்டதற்கு "வேற யார் இருக்கா இங்கே?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நான் கேமராவை அணைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு ஒன்றும் கிடையாது. எங்கள் வீட்டிலும் வளையல் போடுவதுண்டு, போன தடவை அப்படி ஆனதால் இந்தத் தடவை பிள்ளை கையில் வந்த பிறகு பார்க்கலாம் என்று மாமியார் முடிவு செய்துவிட்டார்.

தலையான பாவங்கள் ஏழு என்று ஞாயிறு வகுப்பில் மனப்பாடம் செய்தேன். அதில் பொறாமை எத்தனையாவது என்று மறந்துவிட்டது. இப்போது கேட்டால் முதலாவது என்பேன்.

இன்றைக்குத் தாளில் 15.

15 மே, சனி

நீரஜா ஃபோன். குரல் சின்னதாகிவிட்டிருந்தது. "அக்கா, எனக்கு இன்னிக்கு அம்பது நிமிஷம் ஆயிடுத்து. உங்களுக்குப் பதினஞ்சு. என்னமோ சரியில்லைக்கா. முன்னெல்லாம் நன்னா உதைச்சிண்டிருந்தான்."

அப்போது சொல்லியிருக்கலாம். 'எனக்கும் ஐம்பதுதாண்டி, சும்மா இரு' என்று ஒரு வார்த்தை. அவள் நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். நான் என்ன சொன்னேன்? "கவலைப்படாதே, ஒவ்வொரு குழந்தையும் ஒவ்வொரு மாதிரி" என்றேன். பெரிய மனுஷி மாதிரி. அப்படிச் சொல்லும்போது உள்ளே தித்தித்தது. மறைக்கப் போவதில்லை, தித்தித்தது.

17 மே, திங்கள்

நீரஜாவும் பரத்வாஜும் தி. நகர் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார்கள். வயிற்றில் பெல்ட் கட்டி இதயத் துடிப்பு பார்த்தார்களாம். எல்லாம் நார்மல். டாக்டர், "தினமும் ஓடி வராதேம்மா, இங்கே நிலைமை சரியில்லை" என்று அதட்டினாராம்.

தாளில் 16. நிஜம் 58.

18 மே, செவ்வாய்

மறுபடியும் போனாள். மறுபடியும் நார்மல்.

20 மே, வியாழன்

மூன்றாவது தடவை. மதியம் நான் 15 என்று அனுப்பிய பிறகுதான் கிளம்பினாள். ஜன்னலிலிருந்து பார்த்தேன், முகக்கவசத்துக்கு மேல் கண் வீங்கியிருந்தது. இந்தத் தடவை பரத்வாஜை உள்ளே விடவில்லையாம். வரிசையில் மூன்று மணி நேரம் தனியாக உட்கார்ந்தாளாம். பக்கத்தில் ஒரு பெண் இருமிக்கொண்டே இருந்தாளாம்.

"குழந்தை நன்னா இருக்கான்னுட்டா அக்கா. நான்தான் பைத்தியம்" என்று மெசேஜ்.

பதிலுக்கு ஒரு பூவை அனுப்பினேன்.

24 மே, திங்கள்

நீரஜாவுக்குக் காய்ச்சல். டெஸ்ட் பாசிட்டிவ். மதியம் ஆம்புலன்ஸ் வந்தது. வெள்ளை உடை போட்ட இருவர் அவளைப் படியில் மெல்ல இறக்கினார்கள். எங்கள் கதவில் எட்டிப் பார்க்கும் கண்ணாடித் துளை வழியாகப் பார்த்தேன். வளையலை எல்லாம் கழற்றிவிட்டிருந்தாள். பரத்வாஜ் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தான், வாசலோடு நிறுத்திவிட்டார்கள். "அவளுக்கு பெட் இருக்கா சார்? கன்ஃபர்மா இருக்கா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான்.

நான்தான். நான்தானே அனுப்பினேன் அவளை. பதினஞ்சு பதினஞ்சுன்னு எழுதி எழுதி அந்த வரிசைல கொண்டுபோய் உட்கார வெச்சேன். மாதாவே, அந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகக் கூடாது. ரெண்டு பேருக்கும் ஆகக் கூடாது.

25 மே, செவ்வாய்

இன்று ஐந்து மணிக்கே மாடிக்குப் போனேன். யாரும் இல்லை. இனி முழு நேரமும் எனக்குத்தான் என்று ஒரு நினைப்பு வந்தது. உடனே கீழே இறங்கி வந்துவிட்டேன். எப்படிப்பட்ட பொம்பளை நான்!

27 மே, வியாழன்

நீரஜாவுக்கு ஆக்ஸிஜன் இறங்கியதால் நேற்றே வயிற்றைக் கிழித்து எடுத்துவிட்டார்களாம். ஆண் குழந்தை, இரண்டு கிலோ நூறு. அவள் ஒரு மாடியில், குழந்தை வேறு மாடியில். அவள் இன்னும் அவனைப் பார்க்கவில்லை.

லாய்ட் இதையெல்லாம் சோபாவிலிருந்து சொன்னார். பரத்வாஜின் கதவில் கார்ப்பரேஷன்காரர்கள் தாள் ஒட்டிவிட்டதால் அவன் வெளியே வர முடியாது. அவனுக்குத் தேவையானது, ஆஸ்பத்திரியில் அவளுக்குத் தேவையானது எல்லாம் லாய்ட்தான். வார்டுக்குக் காலையில் ஒரு ஃபோன், மதியம் ஒரு ஃபோன், "நீரஜா எப்படி இருக்கு, ஆக்ஸிஜன் எவ்ளோ?" என்று. என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "நீ சாப்டியா?"

அவள் அங்கே மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்கிறாள், அதற்கும் எனக்குப் பொறாமை. வெட்கம் கெட்ட மனசு.

30 மே, ஞாயிறு

கோயில் பூட்டிக் கிடக்கிறது. ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யலாம் என்றால் ஃபோனில் செய்தால் செல்லாதாம். செய்த பாவத்துக்கு வருந்தி மனதுக்குள் மனஸ்தாபப்படுங்கள் போதும் என்று பங்கு வாட்ஸப்பில் போட்டிருக்கிறார்கள். மனஸ்தாபப்படுகிறேன். பாரம் இறங்கவில்லை.

தாளில் இன்றும் 16 எழுதினேன். திடீரென்று 60 என்று எழுதினால் லாய்ட் பயந்துபோவாரே. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள், என்னுடையது மூன்று வாரமாக ஓடுகிறது.

2 ஜூன், புதன்

நீரஜாவுக்குக் காய்ச்சல் விட்டது. ஆக்ஸிஜன் குழாயை எடுத்துவிட்டார்கள். ஸ்தோத்திரம்.

4 ஜூன், வெள்ளி

தாளில் 14. நிஜம் ஒரு மணி நாற்பத்தைந்து நிமிடம். இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிட்டது. வந்துவிட்டதுதானே?

7 ஜூன், திங்கள் — ஆஸ்பத்திரியில்

தையல் வலிக்கிறது. உட்கார்ந்து எழுத முடியாது, படுத்தபடியே எழுதுகிறேன்.

சனிக்கிழமை சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். ஒரு மணி நேரத்தில் இரண்டு. இரண்டு மணி நேரத்தில் மூன்று. குளிர்ந்த தண்ணீர் குடித்தேன், சர்க்கரை வாயில் போட்டேன், வயிற்றைத் தட்டினேன். ஒன்றும் இல்லை. மூன்றரைக்கு லாய்ட் ஷிஃப்ட் முடிந்து வந்தார். குளித்து வரும்வரை குளியலறைக் கதவருகே நின்றேன்.

"லாய்ட், அசையல."

அவர் ஃப்ரிட்ஜைப் பார்த்தார். "நேத்து பதினாலு. முந்தாநாள் பதினாறு. இவ்ளோ ஆட்டம் போடுற ஆளு ஒரு நாள் தூங்கக் கூடாதா? கொஞ்சம் பொறு ரெனி. இப்ப ஆஸ்பத்திரிக்குப் போறதுதான் ஆபத்து. மேல் வீட்டுப் பொண்ணு அப்படித்தானே மாட்டிக்கிச்சு?"

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அந்தத் தாளை நம்பினால் யாருமே அப்படித்தான் சொல்வார்கள்.

"அந்தத் தாள் பொய்" என்றேன்.

"இன்னா?"

"நான் எழுதினது எல்லாம் பொய். ஒன்பதாம் தேதிலேருந்து. நேத்து ஒண்ணே முக்கால் மணி நேரம் ஆச்சு. நான் பதினாலுன்னு எழுதினேன். லாய்ட், கூட்டிக்கிட்டுப் போ. இப்பவே போ."

அவர் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பத்தடியையும் தாண்டி வந்து என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார். ஊரடங்கில் ஆட்டோ இல்லை. படியில் நின்று மேலே பார்த்துக் கத்தினார். பரத்வாஜ் கார் சாவியை சானிட்டைசரில் நனைத்துப் படியில் வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவை மூடிக்கொண்டு, கதவுக்குப் பின்னாலிருந்து, "பயப்படாதேங்கோ அக்கா, ஒண்ணும் ஆகாது!" என்றான்.

யாருடைய காரில் போகிறேன் என்று ஆர்.கே. மட சாலை முழுக்க நினைத்துக்கொண்டே போனேன்.

பெண் குழந்தை. கொடி கழுத்தில் இரண்டு சுற்று. டாக்டர் ஜுவேரியா தையல் போட்டுக்கொண்டே, "நாளைக்குப் பார்க்கலாம்னு விட்டிருந்தா..." என்றார். குழந்தை அழச் சற்று நேரமாயிற்று. அந்தச் சற்று நேரத்தை நான் எழுத மாட்டேன்.

8 ஜூன், செவ்வாய்

மூன்று நாளாக லாய்ட் எல்லாம் செய்கிறார், பேச மாட்டேன் என்கிறார். இன்று மாலை குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"எனக்கு ஏன் பொய் சொன்னே?"

"நீ சிரிச்சே."

அவர் குழந்தையின் துணியைச் சரிசெய்தார். பிறகு, "மேல் வீட்டுக்கும் அதே நம்பர்தான் அனுப்பினியா?" என்றார். தலையாட்டினேன். "அப்போ அவங்ககிட்டயும் சொல்லிடு" என்றார்.

14 ஜூன், திங்கள்

வீட்டுக்கு வந்துவிட்டோம். நீரஜா பத்தாம் தேதியே குழந்தையோடு வந்துவிட்டாள். பதினைந்து நாள் கழித்துத்தான் அவனைக் கையில் வாங்கினாளாம்.

பதினொரு மணிக்கு ஃபோன் செய்தேன். "அக்கா! பாப்பா எப்படி இருக்கா?" என்று அவள் சந்தோஷமாக ஆரம்பித்ததால் இன்னும் கஷ்டமாகிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். நம்பர் எல்லாம் பொய் என்று, எனக்கும் ஒரு மணி நேரம் ஆகும் என்று, உன்னைப் பார்த்துப் பொறாமை என்று. பரத்வாஜ் உன் வயிற்றில் கை வைத்ததைப் பார்த்து என்றுகூடச் சொன்னேன்.

"மூணாவது தடவை நான் போனது உங்க பதினஞ்சைப் பாத்துட்டுதான் அக்கா."

"தெரியும்."

"பதினஞ்சு நாள் அவனை நான் ஃபோன்ல பாத்துண்டிருந்தேன். பால் கட்டிண்டு வலிக்கும். பிழிஞ்சு வாஷ்பேசின்ல கொட்டுவேன்."

"நீரஜா..."

"வெச்சுடறேன்" என்றாள். வைத்துவிட்டாள்.

15 ஜூன், செவ்வாய்

ஒன்றும் இல்லை.

22 ஜூன், செவ்வாய்

மன்னிப்புக் கேட்டு ஒரு மெசேஜ் அனுப்பினேன். படித்துவிட்டாள், நீலக் கோடு வந்தது. படியில் பரத்வாஜைப் பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டு போனான். சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது லாய்ட்டிடம் நன்றாகத்தான் பேசினானாம். அப்போது அவனுக்குத் தெரியாது.

ஊர் மொத்தமும் என் மகளைப் பார்க்க வீடியோவில் வருகிறது. எனக்கு வேண்டியவள் மட்டும் வரவில்லை. கோபப்பட எனக்கு உரிமை இல்லை. இருந்தும் கோபம் வருகிறது, என்ன செய்ய?

3 ஜூலை, சனி

கர்ப்பிணிகளுக்கும் ஊசி போடலாம் என்று நேற்று அறிவித்துவிட்டார்கள். இரண்டு மாதம் முன்னால் சொல்லியிருக்கக் கூடாதா?

குழந்தை தூங்குவதே இல்லை. லாய்ட் ஹாலிலிருந்து அறைக்கு வந்துவிட்டார், மார்பில் போட்டு ஆட்டுகிறார். எங்கள் தலைக்கு மேலே நீரஜாவின் பையனும் கத்துகிறான். ஒன்று நிறுத்தினால் மற்றது ஆரம்பிக்கிறது.

12 ஜூலை, திங்கள்

காலை எட்டு மணிக்கு நீரஜாவிடமிருந்து மெசேஜ். நாலு வாரத்துக்குப் பிறகு. மஞ்சள் சட்டை போட்ட பையனின் படம், கீழே: "நேத்து பத்து மணிக்குப் படுத்தவன் காலம்பர நாலு வரைக்கும் அசையாம தூங்கினான். ரொம்பச் சமர்த்து."

படித்ததும் முதலில் சுருக்கென்றது. ஆறு மணி நேரமா? என்னுடையது நாற்பது நிமிடம் தாண்டாது. எனக்கே தெரியாமல் விரல் அடித்துவிட்டது: 'இவள் ஏழு மணி நேரம்'.

அனுப்பவில்லை. அனுப்பப் போகும்போதுதான் புத்திக்கு எட்டியது. நேற்று ராத்திரி ஒரு மணிக்கு அவன் வீறிட்டதை நான் கேட்டேன். இரண்டரைக்கும் கேட்டேன். பரத்வாஜ் குறுக்கும் நெடுக்குமாக நடந்தது எங்கள் கூரையில் கேட்டது. நீரஜா அழுததும்கூடக் கேட்டது, லாய்ட்தான் "பாவம்" என்றார்.

பொய் சொல்கிறாள். என்னிடம். 'என்னமோ சரியில்லைக்கா' என்று முதலில் என்னிடம்தானே ஓடிவந்தாள். இனி எதுவும் சரியில்லை என்று எனக்குச் சொல்லவே மாட்டாள். அவளை இப்படி ஆக்கியது நான். உட்கார்ந்து அழுதேன், குழந்தையும் சேர்ந்துகொண்டது.

அடித்ததை அழித்துவிட்டு வேறு எழுதினேன்: "என் பொண்ணு நேத்து மொத்தமா ரெண்டு மணி நேரம்கூடத் தூங்கல. பால் சரியா குடிக்கல. எனக்கு ஒண்ணுமே தெரியல நீரஜா. பயமா இருக்கு."

ஒன்பதுக்கு நீலக் கோடு வந்தது. குழந்தையைக் குளிப்பாட்டினேன். துணி காயப் போட்டேன். பத்தரைக்கு எட்டாம் வகுப்புக்காரர்கள் பிரசவ விடுப்பில் எப்படி இருக்கிறீர்கள் மிஸ் என்று குரூப்பில் கேட்டிருந்தார்கள், பதில் போட்டேன். பதினொன்றே முக்காலுக்கு ஃபோன் அதிர்ந்தது.

"இவனும் தூங்கலை அக்கா."